கிடங்குக்காரனுக்கு ஒரு முட்டை

லிங்கன்ஷயர்
1 ஆகஸ்ட் 1943

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

லெஸ்லி எழுதுகிறேன். நான் சுகம். அப்பாவின் முதுகு, அம்மாவின் முழங்கால், கடையில் மீன் பொரிக்கிற கொழுப்புச் சட்டி, மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதவும்.

பயிற்சி முடிந்து புது முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். விமானப்படை முகாம் என்றதும் அம்மா பயப்பட வேண்டாம். எனக்கு வேலை கிடங்கில். போர்வை, காலுறை, கையுறை எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். இதுவரை எனக்கு நேர்ந்த பெரிய ஆபத்து, மேல் தட்டிலிருந்து நாற்பது போர்வை தலையில் விழுந்ததுதான். தோண்டி எடுத்தார்கள்.

சாப்பாடு பற்றி அம்மா கேட்பாள். நேற்றுக் காலை பொரித்த முட்டை. முட்டைத் தூளைக் கரைத்தது இல்லை, கோழி போட்ட நிஜ முட்டை, மஞ்சள் கரு உடையாமல். பக்கத்தில் பன்றிக்கறித் துண்டு இரண்டு. ரேஷனில் வாடுகிறவர்களுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் யாரிடமாவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரன் மெர்வின் கீஃப், ஆஸ்திரேலியாக்காரன். வெயில் என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்குவதே அவன் பொழுதுபோக்கு. அவன் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை.

இப்படிக்கு, சாப்பிட்டுப் பருத்துக்கொண்டிருக்கும் மகன்,
லெஸ்லி


டாட்மோர்டன்
10 ஆகஸ்ட் 1943

அன்பு மகன் லெஸ்லிக்கு,

அப்பா ஏனோக் எழுதிக்கொண்டது. என் முதுகு பழைய மாதிரி. அம்மாவின் முழங்கால் மழைக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுகிறது. கொழுப்புச் சட்டி பரம சௌக்கியம். வீட்டில் வயசாகாதது அது ஒன்றுதான்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து அதை உடைத்து மூன்று மாதம் ஆகிறது. புதுசு வாங்கு என்றால், “என் கண்ணு நல்லாத்தான் தெரியுது, உன் எழுத்துதான் கோணல்” என்கிறாள். ஆகவே வருகிற கடிதத்தை வாசிப்பதும் போகிற கடிதத்தை எழுதுவதும் என் பொறுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வாத்தியார் வாசல் வரை வந்து வழியனுப்பினார், அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அந்த மனிதர் இப்போது என்னைப் பார்க்க வேண்டும், மாதத்துக்கு இரண்டு கடிதம்!

முட்டை விஷயத்தைக் கடையில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மீன் பொரிகிற நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. மிஸ் கிராப்ட்ரீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: “ஏன் ஏனோக், வாரத்துக்கு ஒரு முட்டைக்கு நாங்க நாய் மாதிரி அலையறோம். காலுறை எண்ணறவனுக்குப் பொரிச்சுப் போடறாங்களா?”

“அவன் எண்ணறது சாதாரணக் காலுறையா? விமானப்படைக் காலுறைம்மா” என்றேன். வரிசை வாயை மூடிக்கொண்டது. பிள்ளையைப் பெற்றதன் பலனை அன்றுதான் கண்டேன்.

இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சொல்கிறாள், கையில் கத்தி இருப்பதால் ஒரு சொல்லையும் மாற்றவில்லை:

“பெர்த்தா பெரியம்மா மகன் நார்மன் கப்பல்ல போறான், ஐஸ் மிதக்கிற கடல்ல. அவ தெருவுல தலைய நிமிர்த்திட்டு நடக்கறா. நான் என்னன்னு சொல்லிக்க? எம் புள்ள போர்வை மடிக்கறான்னா? வீட்டுல இருந்தப்ப ஒரு நாளாவது மடிச்சிருக்கியா? நல்லாச் சாப்பிடு. காதுக்குத் துணி கட்டு.”

இப்படிக்கு, கோணல் எழுத்துக்காரன்,
அப்பா


லிங்கன்ஷயர்
24 ஆகஸ்ட் 1943

அன்புள்ள அப்பா, அம்மா,

சுகம். மழை. அம்மாவின் முழங்காலை இங்கே அனுப்பினால் எங்கள் அதிகாரிகளுக்கு வெகு உபயோகமாக இருக்கும், அவர்கள் வைத்திருக்கிற வானிலைக்காரர் எதையும் சரியாகச் சொல்வதில்லை.

போர்வை மடிப்பில் நான் வல்லவனாகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நார்மனுக்கு என் அன்பு. முட்டை மூன்று ஆகிவிட்டது.

அவசரமாக,
லெஸ்லி


டாட்மோர்டன்
3 செப்டம்பர் 1943

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு இளைஞன் கடைக்கு வந்தான். ஆஷ்வர்த் வீட்டு மாப்பிள்ளையாம், லீவில் வந்திருக்கிறான். உடுப்பின் மார்பில், பறக்கிறவர்கள் மட்டும் வைத்துக்கொள்கிற ஒற்றைச் சிறகு தைத்திருந்தது. எல்லோரிடமும் சொல்கிற மாதிரி அவனிடமும் சொன்னேன்: “எங்க பையனும் விமானப்படைதான். கிடங்குல. இதுவரைக்கும் மூணு முட்டை!”

“கிடங்குலயா?” என்றான்.

“ஆமா. காலுறை.”

அவன் மீனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “எங்க முகாம்ல முட்டை எல்லாருக்கும் கிடையாது சார். அந்தப் பக்கம் போய்க் குண்டு போட்டுட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு மட்டும்தான். ஒரு தடவை போய் வந்தா ஒரு முட்டை. முப்பது ஆச்சுன்னா நிறுத்திடுவாங்க, ஆறு மாசம் பறக்க வேண்டாம்.”

“எங்க பையன் முகாம்ல கொஞ்சம் தாராளமா இருக்கும்” என்றேன்.

“இருக்கும் சார்” என்றான். நல்ல மரியாதை தெரிந்த பையன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வினிகர்கூட ஊற்றாமல் போய்விட்டான்.

அதன் பிறகு ஒரு சட்டி மீன் கருகிவிட்டது. இருபத்திரண்டு வருஷக் கடையில் இது இரண்டாம் தடவை. முதல் தடவை நீ பிறந்த அன்று.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: உன் முகாம் தாராளமான முகாம். இந்தச் சமையல் விவரமெல்லாம் அம்மாவுக்கு எதற்கு? நான் சொல்லவில்லை. இருபது வயதில் சார்ஜண்ட் ஆகிவிட்டாயே, காலுறை எண்ணுவதற்கு இவ்வளவு மதிப்பா என்று யோசிக்கக்கூட எனக்கு மூளை ஓடவில்லை பார். மீன் பொரிக்கிறவன் மூளை அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை முட்டை, எந்தக் கிழமையில் என்று எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அதை எழுது. அப்பாவுக்கு முட்டை மேல் ஆசை என்று வைத்துக்கொள்.

அம்மா சொல்கிறாள்: “காதுக்குத் துணி கட்டினியா?”

அப்பா


லிங்கன்ஷயர்
15 செப்டம்பர் 1943

அன்புள்ள அப்பா,

சுகம். ஏழு. முந்தின மூன்றின் தேதி தனித் தாளில். புதியவை போன திங்கள், செவ்வாய், அப்புறம் வெள்ளி ஒன்று, ஞாயிறு ஒன்று. வாசிக்கும்போது எந்த வரியைச் சத்தமாக வாசிப்பது, எதை விழுங்குவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் முகாம் தாராளம் என்று சரியாகக் கண்டுபிடித்தீர்கள். கிடங்கில் என் இடம் கடைசியில், வால் பக்கத்தில். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை. மற்ற ஆறு பேரும் முன்னால் எங்கே போகிறோம் என்று பார்ப்பார்கள், நான் மட்டும் எங்கிருந்து வந்தோம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். காது அடைக்கும், குளிர் எலும்புக்குள் போகும். துணி கட்டியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அது நிஜம்.

முப்பது ஆனதும் நீண்ட லீவு. அன்றைக்கு வந்து, சமையலறையில் அம்மாவை உட்கார வைத்து, கிடங்கு வேலை என்றால் என்ன என்று நானே சொல்கிறேன். முதலில் திட்டுவாள். அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போவாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே முப்பதை எட்ட வேண்டும். அது வரைக்கும் சமையல் விவரம் உங்களோடு இருக்கட்டும். வாக்குக் கொடுங்கள்.

லெஸ்லி


டாட்மோர்டன்
26 அக்டோபர் 1943

அன்பு மகனுக்கு,

இரண்டு நாள் லீவு முடிந்து சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா? கொடுத்த வாக்கு என் வயிற்றில் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் ஜீரணம் சரியில்லை.

நீ ரயிலேறியதிலிருந்து அம்மா உன் உடுப்பைப் பற்றியே பேசுகிறாள். “கிடங்கு நிறையத் துணிய வச்சுக்கிட்டு இவனுக்கு அளவா ஒரு கோட்டு கிடைக்கலியா? கோட்டு ஒரு பக்கம் போவுது, இவன் ஒரு பக்கம் போறான்!” என்று மிஸ் கிராப்ட்ரீ வரை முறையிட்டாயிற்று. சிறகு தைக்காத கோட்டைக் கொடுத்து உதவிய நிஜக் கிடங்குக்காரருக்கு என் வணக்கம். உள்பட்டையில் ‘டி. பாட்ஸ்’ என்று மை போட்டு எழுதியிருந்தது. பாட்ஸ் நல்ல சாப்பாட்டுப் பிரியர் என்று தெரிகிறது.

சட்டி மூடி தரையில் விழுந்த சத்தத்துக்கு நீ மேசைக்கு அடியில் போய்விட்டாய். “என்னத்தத் தேடற?” என்று அம்மா கேட்டாள். “ஆறு பென்ஸ் விழுந்துட்டுது” என்றாய். நானும் தேடுகிறவன் மாதிரி குனிந்து உள்ளே வந்தேன். அங்கே நம் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. நான் என்ன கேட்டேன்? “கிடைச்சுதா?” என்று கேட்டேன். இருபது வருஷம் வளர்த்த தகப்பன் கேட்கிற கேள்வியைப் பார்.

அம்மா இன்னும் அந்த ஆறு பென்ஸைத் தேடுகிறாள்.

மீன் மண்டிக்காரர் கொடுத்த காலண்டரில் உன் முட்டைகளைப் புள்ளி வைத்து வருகிறேன். பத்து. “அது என்ன புள்ளி?” என்றாள் அம்மா. கொழுப்பு மாற்றிய நாள் என்றேன். “இவ்ளோ தடவையா? கடை வெளங்கிடும்.”

அப்பா


லிங்கன்ஷயர்
28 நவம்பர் 1943

அன்புள்ள அப்பா, அம்மா,

சுகம். பதினாறு. செவ்வாய், வியாழன், வெள்ளி. மற்றவை அடுத்த பக்கத்தில்.

நானும் மெர்வினும் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். வேறு வேறு கோஷ்டி, ஒரே சாப்பாட்டு மேசை. கிளம்பும்போதெல்லாம் அவன் என்னிடம், “நீ வரலன்னா உன் முட்டை எனக்கு” என்பான். “நீ வரலன்னா உன் பன்றிக்கறியும் சேர்த்து எனக்கு” என்பேன். இங்கே எல்லோரும் இப்படித்தான் விடைபெற்றுக்கொள்கிறார்கள். ‘பத்திரமாகப் போய் வா’ என்று யாராவது சொன்னால்தான் பயமாக இருக்கும்.

ஒரே வாரத்தில் நாலு கிடங்குக்காரர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளவில்லை. கட்டில்களுக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்கள் பெயரை மெதுவாகக் கற்றுக்கொண்டால் போதும் என்கிறான் மெர்வின்.

அம்மா பின்னி அனுப்பிய காலுறை வந்தது. கிடங்குக்காரனுக்கே காலுறை அனுப்பிய முதல் தாய் நீதான் அம்மா. நன்றி. இரண்டும் இடது கால்.

லெஸ்லி


டாட்மோர்டன்
20 டிசம்பர் 1943

அன்பு மகனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. மூவரும், அதாவது நான், அம்மா, சட்டி, நலம்.

நார்மனுக்குப் பதக்கம் கிடைத்திருக்கிறது. பெர்த்தா வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பதக்கம் இன்னும் கைக்கு வரவில்லை, அதன் நீள அகலத்தைக் கையால் காட்டினாள். சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அவள் போன பிறகு அம்மா என்னைப் பேனாவை எடுக்கச் சொன்னாள்.

“எழுது மனுஷா. ‘ஊர்ல ஒவ்வொருத்தன் புள்ளயும் என்னென்னவோ பண்றான். நீ வயசுப் புள்ள, கை கால் நல்லா இருக்கு. வெக்கமா இல்லியா? பெரிய அதிகாரிகிட்டப் போய் உருப்படியா ஒரு வேலை குடுங்கன்னு கேளு. உங்கப்பன் மாதிரி இருக்கற எடத்துலயே பொரிஞ்சு போவாத.’ எழுதினியா?”

“எழுதினேன்.”

“வாசி.”

வாசித்தேன். அவள் அழுதாள். கோபத்தில் அழுகிறாளா வேறு எதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

லெஸ்லி, இதற்குக் கீழே உள்ளதை அவள் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். என்னால் முடியவில்லைடா. அந்தக் காலண்டர் அவள் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. அவள் உன்னைத் திட்டும்போது நான் அதைப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வாய் மூடிவிடும். என்னை வாக்கிலிருந்து விடுதலை செய். நான் சொல்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா


லிங்கன்ஷயர்
18 ஜனவரி 1944

அன்புள்ள அப்பா,

சுகம். இருபத்து நான்கு, கிழமைகள் பின்பக்கத்தில். தாமதத்துக்கு மன்னிக்கவும், இந்த மாதம் கிடங்கில் சரக்கு அதிகம்.

வேண்டாம் அப்பா. சொல்லாதீர்கள். நான் வந்திருந்தபோது இரண்டு நாளும் கவனித்தேன். நான் இருமினால் நீங்கள் முழித்துக்கொண்டீர்கள். அம்மா தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. போன வாரம் என் விரல்கள் விறைத்துப் போய்த் துப்பாக்கி எது கை எது என்று தெரியாமல் இருந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒருவர் முழித்திருக்கிறார், அது போதும். ஒருவர் தூங்குகிறார், அதுவும் வேண்டும். இன்னும் ஆறுதான்.

திட்டட்டும். அவள் திட்டு எனக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி. மெர்வினுக்கு வாசித்துக் காட்டினேன். “உங்க அம்மாவ எதிரி நாட்டு மேல எறக்கி விட்டா சண்டை ஒரு வாரத்துல முடிஞ்சிடும்” என்கிறான்.

அம்மாவுக்கு வாசிக்க: உருப்படியான வேலை கேட்டு விண்ணப்பம் போட்டேன். என்னைப் போல் போர்வை மடிக்கிற ஆள் கிடைக்க மாட்டான், விட முடியாது என்று அதிகாரி கண் கலங்கிவிட்டார்.

லெஸ்லி


டாட்மோர்டன்
14 பிப்ரவரி 1944

அன்பு மகனுக்கு,

நலம். உன் அட்டை வந்தது. “இருபத்தாறு, வெள்ளி, சனி” என்று மூன்றே சொல். தந்திக்காரன்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவான். இருந்தாலும் அந்த முதல் சொல்லுக்காக அட்டையை அடுக்களையில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று நார்மனின் பதக்கத்துக்குப் பெர்த்தா வீட்டில் தேநீர் விருந்து. பதக்கம் வந்துவிட்டது. ஒரு பெரிய பொத்தான் அளவுதான் இருக்கிறது. நான் பேசாமல் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன். பெர்த்தா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நம்ம லெஸ்லிக்கும் ஏதாவது குடுப்பாங்க மார்த்தா. நல்லா மடிச்சதுக்கு” என்றாள். சிரித்தார்கள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள், முழங்காலோடு. “ஆமா, மடிக்கறான். அந்தக் காலுறை இல்லன்னா மேல போறவன் கால் வெறச்சுப் போவும். கால் வெறச்சவன் எங்கேருந்து குண்டு போடறது? எம் புள்ள குடுக்கற கையுறையப் போட்டுக்கிட்டுதான் பெரிய பெரிய வீரன்லாம் பறக்கறான். உன் கேக்குல உப்பு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். நான் மிச்சக் கேக்கைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: “மாத்தல்லாம் ஒண்ணும் கேக்க வேணாம். அங்கயே இரு. உன் வேலை நல்ல வேலைதான். நான் சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காத.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னும் நாலு.

அப்பா


லிங்கன்ஷயர்
20 பிப்ரவரி 1944

மதிப்புக்குரிய ஹோல்ராய்ட் ஐயா அவர்களுக்கும் அம்மையாருக்கும்,

நான் மெர்வின் கீஃப். லெஸ்லியின் பக்கத்துக் கட்டில். இதற்குள் தந்தி வந்திருக்கும், உடலும் வீடு வந்து சேர்ந்திருக்கும். கூட வர அனுமதி கேட்டேன். கொடுக்கவில்லை.

பதினைந்தாம் தேதி போனார்கள். போன வேலையை முடித்து, அடிபட்ட விமானத்தோடு கடலைத் தாண்டித் திரும்பியும் வந்துவிட்டார்கள். முகாமுக்குப் பதினோரு மைல் முன்னால் ஒரு கிழங்கு வயலில் விழுந்தது. ஏழு பேரில் யாரும் பிழைக்கவில்லை. உடனே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் அவரிடம் இரண்டு தடவை கேட்டேன், அதையேதான் சொன்னார்.

அவனுக்கென்று சமையல்காரர் எடுத்து வைத்திருந்த முட்டையை நான்தான் சாப்பிட்டேன். ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியும் என்று அவன் சொல்லியிருக்கிறான். சாப்பிட்டு முடிக்க வெகு நேரம் ஆயிற்று. சாப்பிடாமல் விட்டிருந்தால் அவன் என்னைச் சும்மா விட மாட்டான். கேட்க எப்படி இருக்குமோ தெரியவில்லை, மறைக்க மனம் வரவில்லை.

உங்கள் பதினான்காம் தேதிக் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. பிரிக்காமல் இத்துடன் அனுப்புகிறேன். பாட்ஸ் தன் கோட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அவர் அழுதார்.

நான் பத்தொன்பது முட்டை முடித்திருக்கிறேன்.

வருத்தத்துடன்,
மெர்வின் கீஃப்


டாட்மோர்டன்
6 மார்ச் 1944

அன்புள்ள தம்பி மெர்வினுக்கு,

ஏனோக் ஹோல்ராய்ட் எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். நீ நலமா? முட்டையைச் சாப்பிட்டது சரிதான். ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று மார்த்தா கேட்கச் சொன்னாள்.

தந்தி கடைக்குத்தான் வந்தது, வரிசை கதவு வரை நின்ற நேரம். என் இரண்டு கையும் மாவு. கொண்டுவந்த பெண் அதை மார்த்தாவிடம் கொடுத்தாள். அவளுக்குக் கண்ணாடி இல்லை. பக்கத்தில் நின்ற மிஸ் கிராப்ட்ரீயிடம் நீட்டினாள். அவள், “சார்ஜண்ட் லெஸ்லி ஹோல்ராய்ட், விமானத் துப்பாக்கி வீரர்” என்று அதுவரை வாசித்து நிறுத்திவிட்டாள்.

“அது வேற யாரோ” என்றாள் மார்த்தா. “எம் புள்ள கிடங்குல இருக்கான். நீயே சொல்லேன் ஏனோக், அவன் கிடங்குலதானே இருக்கான்?”

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. ஆகஸ்டிலிருந்து அத்தனை பேரிடமும் முட்டைக் கதை சொன்ன வாய் இது. திறக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதை வாசிக்க அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அடக்கம் நல்லபடி நடந்தது. பெர்த்தா வந்தாள், நார்மனின் பதக்கத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஒன்பது நாள் மார்த்தா என்னோடு பேசவில்லை. தேவையானதைக் கடைப் பூனையிடம் சொன்னாள். “அந்தாளு சாப்பிடலாம்னு சொல்லு.” பூனை சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். “தெரிஞ்சிருந்தும் என்னைத் திட்ட விட்டாரு, அதையும் அவரு கையாலயே எழுதினாரு, கேளு.” வாக்குக் கொடுத்தேன் என்று பூனையிடம் சொன்னேன்.

பத்தாம் நாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். நீ திருப்பி அனுப்பிய கடிதத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். “நான் சொன்னேன் இல்ல? நல்ல வேலைன்னு சொன்னேன் இல்ல?” என்றாள். “சொன்னே” என்றேன். “அவனுக்கு ஒரு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

பிறகு காலண்டர்களை எடுக்கச் சொன்னாள், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும். மேசையில் விரித்து முதல் புள்ளியில் விரலை வைத்தாள்.

“இது கொழுப்பு மாத்தின நாளா?”

“இல்ல.”

“இந்த ராத்திரி நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

“தூங்கிட்டிருந்தே.”

“இது?”

“தூங்கிட்டிருந்தே.”

“இது?”

“பல்வலின்னு கொஞ்சம் புலம்பினே. அப்புறம் தூங்கிட்டே.”

இருபத்தாறு புள்ளியையும் கேட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. பதினைந்தாம் தேதிக்குப் புள்ளி கிடையாது. அங்கேயும் விரல் நின்றது.

“நீ?” என்றாள்.

“நான் படுத்திருந்தேன். அவன் போனதுலேருந்தே ராத்திரியில தூக்கம் கெடையாது.”

“கொறட்ட விட்டியே!”

“சும்மா விட்டேன்.”

அவள் உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். லெஸ்லி ஜனவரியில் எழுதிய வரிகளை, நான் அப்போது விழுங்கியவற்றை, இப்போது வாசித்துக் காட்டினேன். ஒருவர் முழித்திருக்கிறார், ஒருவர் தூங்குகிறார், இரண்டும் வேண்டும் என்று எழுதியிருந்தானே, அது. வெளியே இரண்டு பேர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

“அந்த ஆஸ்திரேலியாப் பையனுக்கு எத்தனை?” என்றாள் கடைசியில்.

“பத்தொம்பது.”

“அவங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சு என்ன பண்ண? உலகத்தோட அந்தக் கோடியில இருக்கா. இங்க ராத்திரின்னா அங்க பட்டப்பகல்.”

“அப்போ இங்க யாராவது முழிச்சிருக்கணுமில்ல?” என்றாள், என் மூளைக் குறைவைக் கண்டு சலித்துப் போன பழைய குரலில். “நீ போய்த் தூங்கு மனுஷா. இருபத்தேழு ராத்திரி உனக்கு பாக்கி இருக்கு. இந்தப் பையனோட பதினொண்ணையும் நான் பாத்துக்கறேன்.”

ஆகவே தம்பி, இனி உன் முட்டைக் கணக்கு இங்கே வர வேண்டும், கிழமையோடு. நான்தான் வாசித்துக் காட்டுவேன், ஆனால் உறையின் மேல் அவள் பெயரைப் போடு: திருமதி மார்த்தா ஹோல்ராய்ட். உள்ளதை உள்ளபடி எழுது. கிடங்கு, போர்வை என்று ஆரம்பித்தால் அவள் ரயிலேறி அங்கேயே வந்துவிடுவாள்.

நேற்றே ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். கூட நானும் உட்காரலாம் என்றுதான் நினைத்தேன். படுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்தத் தடவை குறட்டை நிஜமாம், தெருமுனை வரை கேட்டதாம், காலையில் என்னிடமே சொன்னாள்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும்,
ஏனோக் ஹோல்ராய்ட்